வண்டிக்காரர் மெட்ராசுக்குப் போட்ட மனு

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு மூன்று வருடம் முந்தி என் கணவர் ஒரு பழைய கார் வாங்கினார். அவருக்கு நூலும் சாயமும் வியாபாரம். மதுரையில் மகால் பக்கம் கடை, கடைக்குப் பின் தெருவில் வீடு. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, ஒரே பெண் குழந்தை. கார் வந்த நாலாவது வாரமே, "நீயும் ஓட்டக் கற்றுக்கொள்" என்றார் அவர். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. புதிதாக எது வந்தாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, எனக்கும் அதில் பாதி கொடுக்க வேண்டும் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் கிளம்புவோம். காளவாசல் தாண்டும்வரை அவர்தான் ஓட்டுவார். அந்தக் காலத்தில் காளவாசலுக்கு அந்தப் பக்கம் வீடுகள் அதிகம் கிடையாது. நாலு புறமும் பார்த்துக் காரை நிறுத்தி, இடம் மாறிக்கொள்வோம். அங்கிருந்து நாகமலை அடிவாரத்தை ஒட்டி நாகமலை புதுக்கோட்டை வரை நான் ஓட்டுவேன். திரும்பி வரும்போது காளவாசலுக்கு முன்னாலேயே மறுபடி இடம் மாறிவிடுவோம். எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. மாமியாருக்குத் தெரியாது. எனக்கு லைசென்ஸும் கிடையாது.

அந்த மூன்று மைலில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைத்து இதை எழுதினால் பொய்யாகிவிடும். முழங்கால் வரை ஒரு நடுக்கம் இருக்கும், அதோடு சேர்ந்துதான் அந்தச் சந்தோஷமும். இரண்டு மாதத்தில் பயம் போய்விட்டது. பயம் போனதுதான் தப்பாகிவிட்டது.

அன்றைக்கு எதிரில் ஒரு மாட்டுவண்டி வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வருகிற வண்டி. வண்டிக்காரர் தன் ஓரத்தில், இடது சக்கரம் மண்ணில் இறங்கும் அளவுக்கு ஒதுங்கித்தான் வந்தார். தூங்கவும் இல்லை. காரைப் பார்த்ததும் எழுந்து நின்று மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்ததை நான் பார்த்தேன். ஹாரன் அடி என்றார் என் கணவர். அடித்தேன். மாடு மிரண்டது. எனக்கு என்ன ஆயிற்றோ, கார் சாலையின் நடுவைத் தாண்டி அவர் பக்கம் போய்விட்டது. பிரேக்கை மிதிப்பதாக நினைத்து மற்றதை மிதித்தேன்.

காரின் ஒரு விளக்கும் மட்கார்டும் போயின. நுகத்தடி முறிந்தது. வலப்பக்கத்து மாடு முன்காலை மடித்துக்கொண்டு தார்ச்சாலையில் விழுந்தது. வண்டிக்காரர் எங்களைத் திட்டவில்லை. குதித்து இறங்கி முதலில் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். அதன் கழுத்தில் கையை வைத்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து தோளில் தொங்கியது.

என் கணவர் எங்கள் பாஷையில், சௌராஷ்டிரத்தில், மெதுவாகச் சொன்னார். இறங்கி இந்தப் பக்கம் வந்து உட்கார், ஒன்றும் பேசாதே என்று. நான் இறங்கினேன். காரின் முன்பக்கமாகச் சுற்றி, விழுந்து கிடந்த மாட்டைத் தாண்டி நடந்து, அவர் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் அதற்குள் நகர்ந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வந்திருந்தார். வண்டிக்காரர் மாட்டின் கழுத்திலிருந்து கையை எடுக்காமல், நான் நடந்த அந்தப் பத்தடியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ரோடு வேலை செய்கிற இரண்டு பேர் ஓடி வந்தபோது நாங்கள் இடம் மாறி முடித்திருந்தோம்.

மனிதர் யாருக்கும் அடிபடாததால் போலீஸ் வந்து எழுதிக்கொண்டதோடு சரி. மாட்டுக்கும் நுகத்துக்கும் ஈடு கொடுத்துவிடலாம் என்றுதான் என் கணவர் முதலில் இருந்தார். கடைக்கு வா, பேசுவோம் என்று வண்டிக்காரரிடம் சொல்லவும் செய்தார். எங்கள் வக்கீல்தான் தடுத்தார். கொடுத்தால் தப்பை ஒத்துக்கொண்டது போல ஆகும், பிறகு யார் ஓட்டினார்கள் என்ற கேள்வி வரும், லைசென்ஸ் விஷயம் வரும், வீட்டுப் பெண் பெயர் ஸ்டேஷன் வரை போகும் என்றார். என் பெயருக்காகத்தான் எல்லாம். மாடு பதினைந்து நாள் கிடந்து செத்தது என்று பின்னால் தெரிந்தது.

வண்டிக்காரர் இரண்டு முறை கடைக்கு வந்து பார்த்தார். மூன்றாவது முறை வராமல், முன்சீப் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். சின்னத் தொகை என்பதால் ஸ்மால்காஸ் வழக்கு. இரண்டு மூன்று வாய்தாவில் முடிந்துவிடும் என்றார்கள். எங்கள் தரப்பு சொன்னது இதுதான்: காரை ஓட்டியது என் கணவர். வண்டி நடுரோட்டில் வந்தது. வண்டிக்காரர் தூங்கிவிட்டார்.

விசாரணை நடந்த அன்று நான் வீட்டில் இருந்தேன். கோர்ட்டுக்குப் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்த என் கொழுந்தன், மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்து அதை நடித்தே காட்டினான். எங்கள் வக்கீல் கேட்டாராம், காரை யார் ஓட்டியது என்று. வண்டிக்காரர், அந்தம்மாதான் ஓட்டினாங்க, மோதினதுக்கப்பறம் அய்யா அவங்க பாஷையில என்னமோ சொன்னாரு, அம்மா எறங்கி இந்தப் பக்கம் வந்துட்டாங்க என்றாராம். வக்கீல் முன்சீப்பைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "மதுரையிலே எத்தனை பொம்பளை கார் ஓட்டிப் பார்த்திருக்கே?" என்று கேட்டாராம்.

"அன்னைக்கு ஒருத்தரைப் பார்த்தேன்" என்றாராம் வண்டிக்காரர்.

கோர்ட்டே சிரித்ததாம். முன்சீப்பும் சிரித்தாராம். வண்டிக்காரருடைய வக்கீல், தொழிலுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன், எழுந்து, அந்த அம்மாவையே சாட்சிக்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கௌரவமான குடும்பத்துப் பெண்ணைக் கூண்டில் ஏற்றி அவமானப்படுத்தப் பார்க்கிறார்கள் என்று எங்கள் வக்கீல் எதிர்த்திருக்கிறார். அவசியமில்லை என்று முன்சீப் மறுத்துவிட்டார்.

கொழுந்தன் இதைச் சொல்லிச் சிரித்தான். மாமியார் சிரித்தார். அண்ணி கார் ஓட்டுகிற மாதிரி என்று அவன் தட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டினான். நான் அவனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். நானும் சிரித்தேன். என் கணவர் மட்டும் சிரிக்காமல் தலை குனிந்து சாப்பிட்டார். நான் சிரித்த அந்தச் சிரிப்பு வேறு யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

வழக்குத் தள்ளுபடியானது. தீர்ப்பில், காரை ஒரு பெண் ஓட்டினாள் என்று சொல்லத் துணிந்தவரின் மற்றச் சொற்களையும் நம்புவதற்கில்லை என்று எழுதியிருந்ததாக என் கணவர் இரவில் சொன்னார். நடந்ததில் வண்டிக்காரர் சொன்ன அந்த ஒரு விஷயம்தான் வழக்கையே கெடுத்துவிட்டது. நான் ஓட்டியதை அவர் மறைத்து, யாரோ ஓட்டினார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒருவேளை ஜெயித்திருப்பார். அது அவருக்குத் தோன்றவில்லை.

விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தோம். ஒரு மாதம் கழித்து எங்கள் வக்கீல் வீட்டுக்கு வந்து, வண்டிக்காரன் அப்பீலுக்குப் போகிறான் என்றார். அப்பீல் என்பது பேச்சுக்குத்தான். இந்த மாதிரிச் சின்ன வழக்குக்கு அப்பீல் கிடையாது, மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு ஒரு மனுப் போடலாம், அவ்வளவுதான். அங்கே சாட்சிகளை விசாரிக்க மாட்டார்கள். கீழ்க்கோர்ட்டு நடத்திய விதத்தில் சட்டப்படி பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். மனுவில் என்ன பிழை காட்டியிருக்கிறான் என்று கேட்டார் என் கணவர். உங்கள் சம்சாரத்தைக் கூப்பிட மறுத்ததைத்தான் என்றார் வக்கீல். மனு ஜெயித்தால் வழக்கு மறுபடி இங்கே வரும், அம்மாளுக்குச் சம்மன் வரும் என்றார். மிச்சமிருந்த ஒற்றை மாட்டை விற்றுத்தான் அவர் மனுப் போட்டிருக்கிறார் என்பதையும் வக்கீல்தான் சொன்னார். அதை ஒரு பிடிவாதத்துக்கு அடையாளமாகச் சொன்னார்.

அன்று என் கணவரிடம் கேட்டேன், சம்மன் வந்தால் என்ன செய்வது என்று. அவர் கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, "ஒரே வார்த்தைதான். நான் ஓட்டவில்லை என்று சொன்னால் போதும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்ட பொய் அது. அதனாலேயே எனக்கு அவரை எதிர்க்க வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு தபால்காரர் தெருவில் திரும்பினாலே மாமியாருக்கு முந்தி நான் வாசலுக்குப் போய் நிற்பேன். மனு தோற்க வேண்டும் என்று மீனாட்சி கோயிலில் போய் நின்று வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டுகிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தே வேண்டினேன்.

மனு மெட்ராசில் கிடக்கிறபோதே ஒரு நாள் காலை பத்து மணிக்கு மேல், வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. வண்டிக்காரர் நின்றார். என் கணவர் கடையில் இருந்தார், மாமியார் பின்கட்டில். உள்ளே வரச் சொல்லவில்லை நான். கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கும்பிட்டார். கோர்ட்டுக்கெல்லாம் நான் வர வேண்டியதில்லை, தன் வக்கீல் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார், நடந்ததை ஒரு காகிதத்தில் நானே எழுதிக் கொடுத்தால் அதை வைத்து முன்சீப்பிடமே மறுபடி கேட்கலாமாம் என்றார். பிறகு தயங்கி நின்றார். சொல்ல வந்தது அது இல்லை என்று தெரிந்தது.

"மாட்டுக்குக்கூட நான் கேக்கலை தாயி. ஊருல அம்புட்டுப் பேரும் நான் கோர்ட்டுல பொய் சொன்னேங்குறாக. பொம்பளை மேல பழி போட்டான்னு என் மகளைக் கட்டிக் குடுத்த வீட்டுலயும் பேசுறாக. நீங்க ஓட்டுனதை நான் பார்த்தேன்ல? அதை மட்டும் சொல்லுங்க."

என் கை கதவில் இருந்தது. தெருவில் எதிர்வீட்டுப் பெண் காய்கறிக் கூடையோடு நின்று எங்களையே பார்த்தாள். "நான் ஒன்றும் பார்க்கவில்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் இப்படி வரக்கூடாது" என்றேன்.

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அந்த ரோட்டில் நான் நடந்ததைப் பார்த்தது போலவே பார்த்தார். பிறகு, சரி தாயி, வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்தினேன். கோர்ட்டில் என் கணவர் சொன்னது அவர் பொய், எனக்காகச் சொன்னது. இது நானே சொன்னது. வண்டிக்காரர் முகத்துக்கு நேராகச் சொன்னது. அவர் வந்ததை என் கணவரிடம் நான் சொல்லவே இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயம் மெட்ராசிலிருந்து செய்தி வந்தது. மனு தள்ளுபடி. சாட்சியைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் முன்சீப்பின் இஷ்டம், அதில் தலையிடக் காரணம் இல்லை என்று முடித்துவிட்டார்களாம். என் கணவர் வக்கீலைச் சாப்பிடக் கூப்பிட்டார். அன்று பொங்கலும் பாயசமும் செய்தேன். பரிமாறிக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்பது போல வக்கீலிடம் கேட்டேன். இனிமேல் இந்த வழக்கை யாராவது மறுபடி கிளப்ப முடியுமா? யாராவது வந்து வேறு மாதிரிச் சொன்னால்?

"இனி யார் வந்து என்ன சொன்னாலும் ஒன்றும் ஆகாதும்மா. கெடுவெல்லாம் தாண்டிவிட்டது. நிம்மதியாக இருங்கள்" என்றார் அவர்.

இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றினேன் அவருக்கு.

அடுத்த சந்தை நாளன்று, ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினேன். அதுவரை தனியாக நான் பஸ்ஸில் போனது கிடையாது. விபத்து நடந்த இடத்தைப் பஸ் கடந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடையாளம் தெரியவில்லை. எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது.

சந்தையில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கார்க்கேசு போட்டவரா என்று முதலில் கேட்ட ஆளே சிரித்துக்கொண்டு கையைக் காட்டினான். புளிய மரத்தடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. அவர் ஒரு வண்டியிலிருந்து நிலக்கடலை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். மாடும் வண்டியும் அவருடையவை இல்லை, இன்னொருவருக்குக் கூலிக்கு ஓட்டினார். சுற்றிலும் எட்டுப் பத்து பேர் இருந்தார்கள். அத்தனை பேர் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

"அண்ணே" என்று கூப்பிட்டேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். "அன்றைக்குக் காரை ஓட்டியது நான்தான். நீங்கள் கோர்ட்டில் சொன்னதெல்லாம் நிஜம். நீங்கள் ஓரமாகத்தான் வந்தீர்கள். நான்தான் உங்கள் பக்கம் வந்து மோதினேன்." பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று இரண்டாம் தடவையும் சொன்னேன்.

மூட்டை பிடித்திருந்த ஆள் ஒருவர் அதைக் கீழே வைத்தார். வண்டிக்காரர் அவர்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீகளா?" என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிடம் அவர் முகம் லேசானது. அதை நான் பார்த்தேன். என் நெஞ்சும் லேசானது. அது நீடிக்கவில்லை, ஏனென்றால் அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"மெட்ராசுல இப்பத்தான் தள்ளுச்சு" என்றார்.

தெரியும் என்றேன்.

"இதை ஏன் தாயி இப்ப வந்து சொல்றீக? உங்க வாசல்ல வந்து நின்னேன்ல, அன்னைக்கு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. பதில், வக்கீலுக்குப் பாயசம் ஊற்றியபடி நான் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அதைச் சொல்லும் தைரியத்தோடு நான் அந்த ஊருக்கு வரவில்லை. அப்போது பயமாக இருந்தது என்றேன். அது பாதிதான் உண்மை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என் பையில் காகிதமும் பென்சிலும் இருந்தன. அவர் கேட்காமலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாங்கி உரக்கப் படித்துக் காட்டினார். வண்டிக்காரர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

வேறு ஏதாவது செய்ய முடியுமா, மாட்டுக்கு நான் ஏதாவது கொடுக்கட்டுமா என்று தடுமாறிக் கேட்டேன். "வேணாம் தாயி. அது கோர்ட்டுல போச்சு" என்றார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்தான் எனக்குப் பஸ் நிற்கும் இடத்தைக் காட்டினாள்.

ஒரு வாரத்துக்குள் விஷயம் கடைக்கு வந்துவிட்டது. பருத்தி கொண்டு வருகிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் வீட்டுக்கு வந்து, போனாயா என்று மட்டும் கேட்டார். போனேன் என்றேன். இரண்டு மாதம் வரை என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. கோர்ட்டில் அவர் சத்தியம் செய்து சொன்னது பொய் என்று ஊருக்கெல்லாம் இப்போது தெரியும். என்னைக் காப்பாற்றப் போய் அவர் பெயர் கெட்டது, நான் போய் அதைக் கெடுத்தேன். வண்டிக்காரருக்கும் பயன்படாமல், என் கணவருக்கும் தீங்காக, நான் ஒரு காரியம் செய்திருந்தேன். பின்னொரு நாள் அவரே என் கையிலிருந்து காபித் தம்ளரை வாங்கிக்கொண்டு, "முதல் நாளே அந்த மாட்டுக்குக் கொடுத்திருக்கலாம், நான்தான் வக்கீல் பேச்சைக் கேட்டேன்" என்றார். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு, அவரே என்னை அழைத்துப் போய் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். யுத்தத்தில் பெட்ரோல் கட்டுப்பாடு வரும்வரை பகலில், எல்லோரும் பார்க்க, மாசி வீதிகளில் நான் காரை ஓட்டினேன். தெருவில் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண் குழந்தைகள் கையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடிவருவார்கள். உசிலம்பட்டி ரோட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. அந்த வண்டிக்காரரைப் பிறகு பார்க்கவும் இல்லை. மகளின் ஊரோடு போய்விட்டார் என்று பருத்தி வியாபாரி ஒருவர் சொன்னார்.

யுத்தம் முடிந்த வருடம் மாதர் சங்கத்தில் ஒரு கூட்டம். பெண்கள் எல்லாத் துறையிலும் வர வேண்டும் என்பது பேச்சு. கார் ஓட்டப் பழகிய கதையைச் சொல்லுங்கள் என்று என்னை மேடையில் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளைப் பற்றிச் சொன்னேன். காளவாசலில் இடம் மாறியதைச் சொன்னேன், சிரித்தார்கள். முழங்கால் நடுங்கியதைச் சொன்னேன். நான் கார் ஓட்டுவேன் என்று முதன்முதலில் நாலு பேர் முன்னால் சொன்னவர் உசிலம்பட்டிப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர், அதைச் சொன்னதற்காக அவர் தோற்றார் என்று சொல்ல நினைத்துத்தான் எழுந்திருந்தேன். தலைவியாக இருந்த அம்மாள் மணியைப் பார்த்தார். நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கை தட்டினார்கள்.